நிறுத்துவதும் நிற்பதும்

(நீண்ட பதிவு. நேரமிருக்கும்போது வாசிக்க.)

‘நில்’ என்பது தன்வினை. ‘நிறுத்து’ என்பது அதன் பிறவினை. வண்டியை நிறுத்தினால் வண்டி நிற்கிறது. பேச்சை நிறுத்தினால் பேச்சு நிற்கிறது. தெலுங்கிலும் இதே இணை உண்டு: ‘ஆகு’ என்றால் நிற்றல், ‘ஆபு’ என்றால் நிறுத்துதல். ஒருவர் நிறுத்தினார் என்று கேட்டதும், நிறுத்தப்பட்டது நின்றுவிட்டது என்று நாம் தயக்கமின்றிப் பொருள் கொள்கிறோம். ஆனால் ‘மாத்திரையை நிறுத்தினேன்’ என்று ஒரு நோயாளி சொல்லும்போது இந்தப் பொருள்கோள் செல்லுபடியாவதில்லை. கை நிறுத்திய பிறகும் இரத்தத்தில் மருந்து நிற்காமல் இருக்கலாம். இரத்தத்தில் நின்ற பிறகும் உடலில் அதன் விளைவு மாதக்கணக்கில் நீடிக்கலாம். அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய நாள்களில் இந்த வேறுபாடு உயிரோடு தொடர்புடையது என்பதால் இதை எழுதுகிறேன்.

தமிழ், தெலுங்கு மொழிகளின் பிறவினைகளைப் பற்றி ஐதராபாத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். ஆய்வின் இரண்டாம் ஆண்டில் எனக்குக் குரோன் நோய் இருப்பது உறுதியானது. கடந்த ஆண்டு, சுருங்கிப்போயிருந்த சிறுகுடலின் கடைசிப் பகுதியை அறுவை மூலம் அகற்றினார்கள். அதன் பிறகு பல பல்கலைக்கழகங்களிலிருந்து, இதே நோயுள்ள மாணவர்கள் சிலர் எனக்கு எழுதினார்கள். அவர்களுடைய கேள்விகளில் பெரும்பாலானவை ஒன்றையே சுற்றி வந்தன: ‘அறுவைக்கு முன் மருந்துகளை என்ன செய்தீர்கள்?’ தனித்தனியே எழுதுவதைவிட ஒருமுறை விரிவாக எழுதுவது நல்லது என்று தோன்றியது. இது மருத்துவ அறிவுரை அன்று. மருத்துவரிடம் எதைக் கேட்பது, ஏன் கேட்பது என்பதை ஒரு நோயாளி தன் வாசிப்பிலிருந்து எழுதும் குறிப்பு.

முதலில் நோயைப் பற்றிச் சில வரிகள். அழற்சிக் குடல் நோய் என்பது ஒரு குடும்பப் பெயர். அதில் முதன்மையானவை இரண்டு. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலின் உட்படலத்தைப் புண்ணாக்குவது. குரோன் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை உணவுப்பாதையில் எங்கும் வரக்கூடியது. குடற்சுவரின் முழுத் தடிமனையும் தாக்குவது. 1932இல் பரில் குரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் ஆகிய மூவர் எழுதிய கட்டுரையால் அந்தப் பெயர் நிலைத்தது. இவை மேலைநாட்டு நோய்கள் என்ற எண்ணம் இந்தியாவில் நெடுங்காலம் இருந்தது. பஞ்சாபில் நடத்தப்பட்டு 2003இல் வெளியான கள ஆய்வு ஒன்று, 1 லட்சம் பேருக்கு 44 பேர் அளவில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருப்பதைக் காட்டியது. குரோன் நோய்க்கு இந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடற்காசநோயும் அதுவும் அறிகுறிகளிலும் உள்நோக்கிப் படங்களிலும் ஒன்றைப்போல் மற்றொன்று தோன்றும். எனக்கும் முதல் சில மாதங்கள் காசநோய்க்கான மருந்தே தரப்பட்டது. நம் நாட்டில் இது அரிதன்று.

இந்த நோயாளிகளின் அறுவைக்கும் மற்ற அறுவைகள் பலவற்றுக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. குடல்வால் அழற்சி வந்தவர் நேற்றுவரை நலமாக இருந்தவராக இருக்கலாம். குரோன் நோயாளி அறுவை மேசைக்கு வருவதோ, பெரும்பாலும் பல ஆண்டு மருந்துகளுக்குப் பிறகு. குடல் சுருங்கி அடைப்பு ஏற்படும்போது, சீழ்க்கட்டியோ புரைவழியோ உண்டாகும்போது, மருந்துகள் இனி உதவாது என்னும்போது அறுவை வருகிறது. நோய் எதிர்ப்பாற்றலை வெவ்வேறு வழிகளில் அடக்கும் மூன்று நான்கு மருந்துகள் அப்போது அந்த உடலுக்குள் இருக்கும். வெட்டி இணைக்கப்படும் குடல் ஆற வேண்டும். கிருமிகள் நிறைந்த உறுப்பைத் திறந்த வயிறு கிருமித்தொற்றிலிருந்து தப்ப வேண்டும். ஆகவே எந்த மருந்து, எந்த அளவில், எந்த நாள்வரை என்பது கத்தியின் திறத்துக்கு ஈடான முக்கியத்துவம் உடையது.

இனி எனக்கு நேர்ந்தது. மருத்துவமனையின் பெயர் இங்கே தேவையில்லை. அங்கிருந்தவர்களின் உழைப்பால்தான் நான் நலமாக இருக்கிறேன். அறுவைக்கு நான்கு நாள்களுக்கு முன், அனுமதிப் பிரிவில் ஓர் அச்சிட்ட தாளைக் கொடுத்தார்கள். ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் இருந்தது. எத்தனை மணிக்கு மேல் உண்ணக்கூடாது, நகைகளைக் கழற்றிவிட வேண்டும், நகப்பூச்சு கூடாது என்பன போன்ற குறிப்புகளுக்கு நடுவே ஒரு வரி: ‘வழக்கமாக எடுக்கும் மருந்துகள் அனைத்தையும் 2 நாள்களுக்கு முன்பே நிறுத்திவிடவும்.’ எல்லாத் துறை நோயாளிகளுக்கும் தரப்படும் பொதுத் தாள் அது.

அப்போது என் உடலில் இருந்தவை மூன்று. நான்கு மாதங்களாக எடுத்துவந்த பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு, 40 மி.கி.யில் தொடங்கிப் படிப்படியாகக் குறைத்து அந்த வாரம் 10 மி.கி.க்கு வந்திருந்தது. நாள்தோறும் 100 மி.கி. அசாதியோப்ரின். 8 வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக ஏற்றப்படும் இன்ஃப்ளிக்சிமாப். கடைசியாக ஏற்றி ஏறக்குறைய 5 வாரம் ஆகியிருந்தது. ஊரிலிருந்து வந்து என்னுடன் தங்கியிருந்த அம்மாவுக்கு அந்த வரியைத் தமிழில் சொன்னேன். அம்மா மாத்திரைப் பெட்டியை எடுத்துப் பையின் அடியில் வைத்தார். “கேட்டுட்டு அப்புறம் எடுத்து வைக்கலாம்மா” என்றேன். “பேப்பர்லயே போட்டிருக்கேப்பா. டாக்டருங்க தெரியாமலா எழுதுவாங்க?” என்றார். அச்சில் வந்ததற்கு நம் வீடுகளில் இருக்கும் மதிப்பு அது. மறுநாள் மயக்கவியல் மருத்துவரைச் சந்தித்தபோது அந்த வரியைக் காட்டிக் கேட்டேன். அவர் என் மருந்துப் பட்டியலைப் படித்தார். தாளில் இருந்த வரியைப் பேனாவால் அடித்தார். ஓரத்தில் மூன்று மருந்துகளுக்கு மூன்று தனிக் குறிப்புகளை எழுதினார். ஸ்டீராய்டை அறுவை நாள் காலை வரை தவறாமல் எடுக்க வேண்டும் என்பது முதலாவது. அதன் அடியில் இரண்டு கோடுகள் இழுத்திருந்தார்.

அந்த இரண்டு கோடுகளுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. கார்டிசோன் கண்டுபிடிப்புக்காக 1950இல் மூவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. முடக்குவாத நோயாளிகள் எழுந்து நடந்தது அன்றைய உலகுக்கு அற்புதமாகத் தெரிந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் சிட்னி ட்ரூலவ், லெஸ்லி விட்ஸ் இருவரும் 210 நோயாளிகளிடம் நடத்தி 1955இல் இறுதி அறிக்கை வெளியிட்ட சோதனை, அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கும் கார்டிசோன் பயன்படும் என்பதை நிறுவியது. அதற்குள்ளாகவே மறுபக்கமும் தெரியத் தொடங்கியிருந்தது. கார்டிசோன் எடுத்துவந்த முடக்குவாத நோயாளி ஒருவர், அறுவைக்காக அது நிறுத்தப்பட்ட நிலையில், அறுவைக்குப் பின் மீளாத அதிர்ச்சி நிலைக்குச் சென்று இறந்ததை 1952இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. பிணக்கூறாய்வில் அவருடைய அட்ரீனல் சுரப்பிகள் சுருங்கிப்போயிருந்தன.

காரணம் எளிமையானது. சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் கார்டிசால் என்னும் இயக்குநீரைச் சுரக்கின்றன. காய்ச்சல், விபத்து, அறுவை போன்ற நெருக்கடிகளில் அந்தச் சுரப்பு பன்மடங்கு கூடி, இரத்த அழுத்தம் வீழாமல் காக்கிறது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு நாள்தோறும் வரும்போது, உள்ளே சுரக்கத் தேவையில்லை என்று உடல் கணக்கிட்டுக்கொள்கிறது. சுரப்பி உறங்கத் தொடங்குகிறது. நாளொன்றுக்கு 5 மி.கி. பிரெட்னிசலோனை 4 வாரமோ அதற்கு மேலோ எடுத்தவரிடம் இந்த உறக்கத்தை எதிர்பார்க்க வேண்டும் என்று 2020இல் வெளியான பிரிட்டிஷ் மயக்கவியல் நெறிமுறை கருதுகிறது. மாத்திரையை நிறுத்தினால் சில மணி நேரத்தில் இரத்தத்தில் பிரெட்னிசலோன் குறைந்துவிடும். சுரப்பி விழிப்பதற்கோ வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். இந்த இடைவெளியில் வயிற்றைத் திறந்தால், நெருக்கடிக்கு ஈடு கொடுக்க வேண்டிய கார்டிசால் வெளியிலிருந்தும் வராது, உள்ளிருந்தும் வராது. ஆகையால்தான் இத்தகைய நோயாளிக்கு மயக்க மருந்து தரும்போதே ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போடுகிறார்கள். எனக்கும் அவ்வாறே செய்தார்கள்.

ஆனால் ‘ஸ்டீராய்டை அப்படியே தொடர்க’ என்பதோடு கதை முடிவதில்லை. அதே மருந்துதான் ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது, கிருமித்தொற்றுக்கு வழிவிடுகிறது. நாளொன்றுக்கு 20 மி.கி. பிரெட்னிசலோனை 6 வாரத்துக்கு மேல் எடுத்தவருக்கு அறுவைக்குப் பிந்தைய சிக்கல்கள் கூடும் என்று ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள் நீண்ட காலமாக எச்சரிக்கின்றன. ஆகவே திட்டமிட்ட அறுவை என்றால், பல வாரங்களுக்கு முன்பே தொடங்கி அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். குறைத்த அளவை அறுவை நாளில் விட்டுவிடக்கூடாது. ‘குறை’ என்பதும் ‘நிறுத்து’ என்பதும் இங்கே எதிரெதிர்ச் சொற்கள் என்றே சொல்லலாம். முன்னது பாதுகாக்கிறது, பின்னது, திடீரென்று நிகழ்ந்தால், கொல்லக்கூடும்.

இரண்டாவது மருந்தான இன்ஃப்ளிக்சிமாப் 1998இல் அமெரிக்காவில் குரோன் நோய்க்கு அனுமதி பெற்றது. டிஎன்எஃப் என்னும் அழற்சிப் புரதத்தைப் பிடித்து முடக்கும் எதிர்ப்புரதம் அது. அதன் அரை ஆயுட்காலம், அதாவது இரத்தத்தில் பாதியாகக் குறைய எடுக்கும் காலம், ஏறத்தாழ 8 அல்லது 9 நாள். ஒருவர் கடைசியாக மருந்தேற்றிக்கொண்டது முந்தைய வாரம் என்றால், ‘2 நாள்களுக்கு முன் நிறுத்துக’ என்பது அவரைப் பொறுத்தவரை பொருளற்ற வாக்கியம். நிறுத்துவதற்குக் கையில் ஒன்றும் இல்லை; இரத்தத்திலோ அது நின்றபாடில்லை. 5 வாரம் கழிந்த என் உடலில்கூட, தோராயக் கணக்கில், பதினாறில் ஒரு பங்கு இருந்திருக்கும்.

இந்த மருந்து உடலில் இருக்கும்போது குடலை வெட்டலாமா என்பது நெடுநாள் விவாதம். தொடக்ககால ஆய்வுகள் பழைய கோப்புகளைப் புரட்டி எழுதப்பட்டவை. சில ஆய்வுகள் தொற்று கூடுகிறது என்றன; சில இல்லை என்றன. ஆய்வுமுறை படிப்போர் இங்கே ஒரு பொறியைக் காணலாம். உயிரியல் மருந்து யாருக்குத் தரப்படுகிறது? நோய் கடுமையாக இருப்பவர்களுக்கு. அவர்களுக்கு அறுவைக்குப் பின் சிக்கல் வந்தால் பழியை மருந்தின்மேல் போடுவதா, நோயின்மேல் போடுவதா? கோப்புகளை மட்டும் வைத்து இதைப் பிரித்தறிவது கடினம்.

இத்தாலிய இசையமைப்பாளரின் பெயரை நினைவூட்டும் புச்சீனி என்ற ஆய்வு இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றது. அமெரிக்காவின் 17 மையங்களில், அறுவைக்கு வந்த 947 அழற்சிக் குடல் நோயாளிகளை முன்னோக்கித் தொடர்ந்தார்கள். 12 வாரத்துக்குள் டிஎன்எஃப் எதிர்ப்பு மருந்து பெற்றவர்களில் 18.1 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 20.2 விழுக்காட்டினருக்கும் தொற்று ஏற்பட்டது. புள்ளியியல் நோக்கில் வேறுபாடு இல்லை. நோயாளி சொன்னதை மட்டும் நம்பாமல் இரத்தத்தில் மருந்தின் அளவையும் பார்த்தார்கள். இரத்தத்தில் மருந்து இருந்தது என்பதும் தொற்றைக் கூட்டவில்லை. தொற்றோடு தொடர்புடையவையாக நின்றவை வேறு: அறுவைக்கு முந்தைய ஸ்டீராய்டு, முன்பே குடல் அகற்றப்பட்டிருத்தல், புகைப்பழக்கம். 2022இல் வெளியான இந்த முடிவு எல்லா விவாதங்களையும் முடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் உயிரியல் மருந்து வடியட்டும் என்பதற்காகவே அவசியமான அறுவையை மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதற்கு அது வலுவான மறுப்பு. தள்ளிப்போடும் மாதங்களில் நோயாளியைத் தாங்குவது பெரும்பாலும் ஸ்டீராய்டுதான் என்பதை நினைத்தால், பாதுகாப்புக்காகச் செய்யும் தாமதம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பது விளங்கும்.

மூன்றாவது, அசாதியோப்ரின். இதையும் இதன் உறவினமான மெர்காப்டோப்யூரினையும் உருவாக்கிய கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள். இதன் செயல்படு வடிவம் சிவப்பணுக்களில் பல நாள்கள் தங்குவது. இது அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களைக் கூட்டுவதாகத் தெரியவில்லை என்பதால் தொடரலாம் என்பதே வழிகாட்டு நெறிகளின் பொதுவான போக்கு. எனக்கு அறுவை நாளில் மட்டும் விட்டுவிடச் சொன்னார்கள். இதற்கு நேரெதிராக, அண்மைக்காலத்தில் பரவலான டொஃபாசிட்டினிப் என்னும் மாத்திரையின் அரை ஆயுட்காலம் 3 மணி நேர அளவுதான். அதை 2 நாள்களுக்கு முன் நிறுத்தினால் இரத்தத்தில் அது உண்மையாகவே நின்றுவிடும். இரத்தக்கட்டி பற்றிய எச்சரிக்கை அந்த மருந்துக்கு இருப்பதால், அறுவைக்கு முன் எப்போது விடுவது என்பதைத் தனியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆக, ஒரே கட்டளை, நான்கு மருந்துகள், நான்கு வேறு விளைவுகள். ஒன்றில் பயனற்றது, ஒன்றில் தேவையற்றது, ஒன்றில் பொருத்தமானது, ஒன்றில் ஆபத்தானது. ‘அனைத்தையும்’ என்ற சொல் இந்த வேறுபாடுகளை எல்லாம் மூடிவிடுகிறது. எழுதியவர் அறியாமையால் எழுதியதன்று அந்த வரி. பெரும்பாலோருக்குச் சரியாக இருக்கட்டும் என்று எழுதப்பட்டது. எங்களைப் போன்ற சிறுபான்மையினர் அதற்குள் அடங்குவதில்லை.

தாளில் இல்லாத இன்னொரு வினை ‘தொடங்கு’. அறுவைக்கு முன் நிறுத்த வேண்டியவற்றைப் பற்றியே பேசுகிறோம். தொடங்க வேண்டியவை அதே அளவு முக்கியமானவை. அழற்சிக் குடல் நோயாளிகளுக்கு இரத்தக்குழாயில் கட்டி உறையும் ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். ஆகவே மருத்துவமனையில் சேர்ந்தது முதல் ஹெப்பாரின் வகை ஊசி போடுவது வழக்கம். மலத்தில் இரத்தம் போகும் நோயாளிக்கு இரத்தம் உறையாத ஊசியா என்று குடும்பத்தினர் திகைப்பார்கள்; என் அம்மாவும் திகைத்தார். இரத்தசோகை இருந்தால் இரும்புச்சத்தை மாத்திரையாகத் தராமல் நரம்பு வழியாக ஏற்றுவது விரைவில் பலன் தரும். 6 மாதத்துக்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தாலோ, இரத்தத்தில் அல்புமின் லிட்டருக்கு 30 கிராமுக்குக் கீழே போயிருந்தாலோ, ஊட்டத்தைச் சரிசெய்யாமல் திட்டமிட்ட அறுவைக்குப் போகக்கூடாது என்பது ஊட்டவியல் நெறி. எனக்கு 6 வாரம் திட உணவை முற்றிலும் விலக்கித் திரவ ஊட்ட உணவு மட்டும் கொடுத்தார்கள். விடுதி உணவகத்தின் சாம்பார் மணத்தைக் கடந்துபோய் அறையில் அந்தப் பாலைக் குடித்தது எளிதாக இருக்கவில்லை. ஆனால் அழற்சி தணிந்தது, எடை ஏறியது, ஸ்டீராய்டைக் குறைக்க முடிந்தது. என்னைப் பொறுத்தவரை அந்த 6 வாரமும் ஒரு மருந்துதான்.

‘மருந்து’ என்ற சொல்லும் நாம் நினைப்பதுபோல் தெளிவானதன்று. வார்டில் எனக்கு அடுத்த படுக்கையில் ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் இருந்தார். தமிழர், தொழில் நிமித்தமாக ஐதராபாத்தில் குடியேறியவர். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், பெருங்குடல் அகற்றுவதற்காக வந்திருந்தார். பணியில் புதிதாகச் சேர்ந்த தமிழ் மருத்துவர் ஒருவர் “என்ன மருந்து சாப்பிடுறீங்க ஐயா?” என்று கேட்டபோது, அவர் இரண்டு மாத்திரைகளின் பெயரை மட்டும் சொன்னார். பிறகு என்னிடம் பேசிக்கொண்டிருக்கையில், மூட்டு வலிக்காக மருந்துக்கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக் பற்றியும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொடையில் போட்டுக்கொள்ளும் அடாலிமுமாப் ஊசி பற்றியும் தாமாகவே சொன்னார். “அதையும் சொல்லிடுங்க ஐயா” என்றேன். “அது ஊசியாச்சே தம்பி, சாப்பிடுறதைத்தானே கேட்டாங்க?” என்றார்.

அவர் எதையும் மறைக்கவில்லை. கேட்ட வினாவுக்கு அதன் இலக்கணப்படியே விடை சொன்னார். ‘சாப்பிடு’ என்னும் வினை வாய்வழி போவதை மட்டுமே ஏற்கிறது. ஊசியும் நரம்பில் ஏற்றுவதும் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. இந்தியிலும் தக்கனி உருதுவிலும் மருந்து ‘உண்ணப்படுவது’தான், ‘கானா’ என்னும் வினையே வழங்குகிறது. தெலுங்கில் ‘மந்துலு வேசுகுண்டுன்னாரா’ என்று கேட்பார்கள். நேர்ப்பொருளில் ‘மருந்துகள் போட்டுக்கொள்கிறீர்களா’. நம் பேச்சுத்தமிழிலும் மாத்திரை ‘போடுகிறோம்’, ஊசியும் ‘போடுகிறோம்’. கேட்பவர் இந்த வினையைத் தேர்ந்திருந்தால் அந்த ஊசி முதலிலேயே பட்டியலில் ஏறியிருக்கக்கூடும். வலிமாத்திரையோ ‘மருந்து’ என்ற வகைக்குள்ளேயே வரவில்லை. அவருக்கு அது ‘வலிக்குப் போடுறது’, அவ்வளவுதான். மறுநாள் காலை அவர் இரண்டையும் மருத்துவரிடம் சொன்னார். கேஸ் ஷீட்டில் சேர்த்துக்கொண்டார்கள். வினாவை ‘வாய்வழியாக, ஊசியாக, நரம்பு வழியாக, கடையில் நீங்களே வாங்கி, நாட்டு மருந்தாக’ என்று ஐந்தாகப் பிரித்துக் கேட்க அரை நிமிடம் போதும்.

ஆய்வு மாணவர்களாகிய நம்மைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உயிரியல் மருந்துகள் விலை மிகுந்தவை. உள்நாட்டில் தயாராகும் ஒத்த மருந்துகள் வந்து விலை குறைந்த பிறகும், உதவித்தொகை மூன்று மாதம் நிலுவையில் நிற்கும் மாணவருக்கு அடுத்த தவணை எட்டாத தொலைவுதான். அப்போது கைக்கு எளிதாகக் கிடைப்பது ஸ்டீராய்டு. மிக மலிவு, பழைய சீட்டைக் காட்டினால் மருந்துக்கடையில் கிடைத்துவிடுகிறது, எடுத்த சில நாள்களில் பசி திரும்புகிறது, வலி குறைகிறது, கருத்தரங்கக் கட்டுரையை முடித்துவிடலாம் என்னும் தெம்பு வருகிறது. எனக்கு எழுதியவர்களில் ஒருவர் அப்படியே எட்டு மாதம் கடத்தியிருந்தார். மேலே சொன்ன ஆய்வை நினைவில் கொள்ளுங்கள்: நாம் அஞ்சும் விலையுயர்ந்த மருந்து அங்கே குற்றவாளியாக நிற்கவில்லை; நாம் அஞ்சாத மலிவான மருந்து நின்றது. உதவித்தொகை தாமதம் என்பது நிர்வாகக் கோப்பில் ஒரு தேதி. ஒரு நோயாளியின் உடலில் அது ஸ்டீராய்டு மில்லிகிராம்களாக மாறி, பின்னொரு நாள் அறுவை அறையில் கணக்குக் கேட்கிறது.

அறுவையே தோல்வி என்னும் எண்ணமும் இந்தக் கடத்தலுக்கு ஒரு காரணம். நெதர்லாந்திலும் பிரிட்டனிலும், சிறுகுடலின் கடைப்பகுதியில் மட்டும் குரோன் நோய் இருந்த 143 பேரிடம் நடத்திய சோதனை ஒன்று 2017இல் வெளியானது. ஒரு சாராருக்கு இன்ஃப்ளிக்சிமாப், மறு சாராருக்கு நுண்துளை அறுவை. ஓராண்டு முடிவில் இரு சாராரின் வாழ்க்கைத் தரமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. எல்லோருக்கும் இது பொருந்தாது. சுருக்கமும் பரவலும் ஆளுக்கு ஆள் வேறு. ஆயினும் உரிய நேரத்தில் செய்யும் அறுவை ஒரு சிகிச்சை. மருந்துகள் எல்லாம் கைவிட்ட பிறகு போய்ச் சேரும் இடமன்று. நேரம் இருக்கும்போது முடிவெடுத்தால்தான் குறைப்பதற்கும் தொடர்வதற்கும் தொடங்குவதற்கும் வாரங்கள் மிஞ்சும்.

அறுவைக்குத் தேதி குறித்தவர்களுக்கு நான் பரிந்துரைப்பது ஒரு பக்கத் தாள். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு வரி: பெயர், அளவு, தொடங்கிய மாதம், கடைசியாக எடுத்த நாள். ஸ்டீராய்டுக்கு மட்டும் கூடுதலாக, கடந்த ஓராண்டில் எப்போதெல்லாம் எவ்வளவு எடுத்தீர்கள் என்பது. நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தாலும் எழுதுங்கள், சுரப்பி இன்னும் விழிக்காமல் இருக்கலாம். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு கட்டத்தை வெறுமையாக விடுங்கள். குடல்நோய் மருத்துவர், அறுவை மருத்துவர், மயக்கவியல் மருத்துவர் மூவரிடமும் அந்தத் தாளைக் காட்டி, கட்டத்தில் ஒரு வினைச்சொல்லை எழுதித் தரச் சொல்லுங்கள்: குறை, தொடர், தள்ளிவை, நிறுத்து, தொடங்கு. மூவரும் ஒரே வினையை எழுதவில்லை என்றால், அவர்கள் தமக்குள் பேசி முடிவு சொல்லும்வரை நீங்களாக எதையும் மாற்றாதீர்கள். அனுமதிப் பிரிவில் தரும் பொதுத் தாளோடு உங்கள் தாள் முரண்பட்டால், உங்கள் தாளைக் காட்டிக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. என் அனுபவத்தில் நல்ல மருத்துவர்கள் அதை வரவேற்கவே செய்தார்கள்.

தமிழில் அத்தகைய தாளின் மாதிரி ஒன்றைத் தயாரித்து வைத்திருக்கிறேன். வேண்டுவோர் உள்பெட்டியில் கேட்கலாம். தெலுங்கு, இந்தி, மலையாளம், வங்காள வடிவங்களைச் செய்ய விரும்பும் மொழியியல் மாணவர்கள் எழுதுங்கள். எந்த மொழியில் எந்த வினையைக் கொண்டு கேட்டால் ஊசியும் வலிமாத்திரையும் பட்டியலில் ஏறுகின்றன என்பதை அந்தந்த மொழி பேசும் நோயாளிகளிடம் கேட்டே முடிவு செய்வோம். மருத்துவ மாணவர்கள் யாரேனும் இதில் பிழை கண்டால் கருத்துப் பகுதியில் திருத்துங்கள்.